சொல்லாமல் வெளிக்கிடும் மாஸ்ரர்

நன்றியுரை சொல்ல ஆள் எழும்பும் நேரத்தில் கனகசபாபதி மாஸ்ரரின் கதிரை வெறுமையாகியிருக்கும். அவர் எழும்பியதை ஒருவரும் கண்டிருக்க மாட்டார்கள். வாசலடியில் ஓர் இருமல், பிறகு ஒழுங்கையில் சைக்கிள் சங்கிலிச் சத்தம், அவ்வளவுதான். சைக்கிளை எங்கே நிறுத்தினாலும் முன்சில்லு தெருவைப் பார்த்தபடியே இருக்கும். என் தங்கையின் கலியாணத்தில் பாயசத்தை அரைவாசியில் விட்டுவிட்டு இப்படித்தான் மறைந்தார். வாசலில் வெற்றிலைத் தட்டோடு நின்ற நான் அதை இன்னும் மன்னிக்கவில்லை.

கேட்டால் நியாயம் வைத்திருக்கிறார். "சொல்லிப்போட்டு வெளிக்கிடுறதெண்டால் அரை நாள் போயிடும், தம்பி. இருங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ, அண்ணை இப்ப வந்திடுவார் எண்டு உவை பிடிச்சு வைச்சிருப்பினம். எனக்கென்ன விசரே?"

மெலிந்த, நெடிய உருவம். ஐம்பத்திரண்டு வயது. கணிதம் படிப்பிக்கிறவர். சேட்டுப் பையில் ஒரு சிவப்புப் பேனை எப்போதும் இருக்கும். அது பள்ளிக்கூடக் கொப்பிகளோடு நின்றுவிடுவதில்லை. கலியாண அழைப்புக் காட்டில் நாள் ஒன்றும் கிழமை ஒன்றுமாக இருந்தால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவார். இணுவிலில் ஒரு கோயிலின் திருவிழா நோட்டீசைத் திருத்தி, நூற்றுக்கு நாற்பத்திரண்டு புள்ளி போட்டு, குருக்களின் கையிலேயே கொடுத்தவர். குருக்கள் அடுத்த வருடம் நோட்டீசை அச்சுக்குக் கொடுக்க முதல் இவரிடம் அனுப்பிவைத்தார் என்பதையும் சொல்லவேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்னர் நைஜீரியாவுக்கும் இப்படித்தான் போனார். எங்கள் பக்கத்துக் கணித மாஸ்ரர்மாரில் பாதிப்பேர் ஆபிரிக்காவுக்குப் படிப்பிக்கப் போய்க்கொண்டிருந்த காலம். ஒருவர் போகிறார் என்றால் ஒழுங்கை நிறைய வான் வண்டிகள் நிற்கும், பிரியாவிடை நடக்கும், மாலை விழும். இவர் போனது மூன்று நாட்களின் பின்னர்தான் எங்களுக்குத் தெரியும். "அவர் லாகோசிலை இறங்கியிருப்பார்" என்று வேலிக்கு மேலால் சொன்னவர் அவருடைய மனைவி ஞானாம்பிகை அக்கா.

இந்த ஆடியில் லீவில் வந்து இறங்கினார். வந்த மறுநாளே எனக்கு இரகசியம் சொன்னார், தான் இனித் திரும்பிப் போவதில்லை என்று. இங்கே அவருடைய பழைய இடம் வருட முடிவுவரை காலியாகத்தான் இருந்தது. அங்கே வேலையை விடுவதென்றால் மூன்று மாதம் முன்கூட்டி அறிவிக்கவேண்டும். இவர் ஒரு வரிகூட எழுதிக் கொடுக்கவில்லை.

"புழுதிக்காத்து அடிச்சுதெண்டால் கரும்பலகையும் சோக்கும் ஒரே நிறம். நான் என்னத்தை எழுதிறது, பொடியள் என்னத்தைப் பாக்கிறது. அங்கை தனியச் சமைச்சுத் தனியத் தின்னுறது சீவியமே?"

"பிரின்சிப்பலுக்குச் சொல்லிப்போட்டு வந்திருக்கலாமே, மாஸ்ரர்?"

"சொன்னால் விடுவினமே? பொடியளைக் கொண்டுவந்து முன்னாலை நிப்பாட்டுவினம்."

அந்தப் பொடியள் இருபத்தெட்டுப் பேர். வருகிற ஆனியில் கடைசிப் பரீட்சை. அந்த ஊரில் வேறு கணித மாஸ்ரர் இல்லை. இதை அவரே ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிவிட்டு, உடனே நல்லூர்த் திருவிழாவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். எனக்கு அப்போது அவர்மேல் உண்மையாகவே கோபம் வந்தது. பாயசக் கோபம் வேறு, இது வேறு.

வெளிநாட்டில் வேலையை இடையில் முறிக்கும் மாஸ்ரர்மாருக்கு என்று ஒரு நடைமுறை இருக்கிறது. தாய்க்கு வருத்தம் கடுமை என்று ஒரு தந்தி, பிறகு தாய் காலமானார் என்று இன்னொரு தந்தி. அந்தக் கணக்கில் பார்த்தால் வலிகாமத்துத் தாய்மார் இங்கே செத்ததைவிட ஆபிரிக்காவில் செத்ததுதான் அதிகம். ஒரு மாஸ்ரரின் தாய் சாம்பியாவில் ஒருமுறையும் எத்தியோப்பியாவில் ஒருமுறையும் காலமானதாகச் சொல்வார்கள். கனகசபாபதி மாஸ்ரரும் இதைத்தான் மனதில் வைத்திருந்தார். ஆனால் அவருடைய தாயார் பராசக்தி அம்மா ஒழுங்கைக்கே கேட்கக்கூடிய குரல் உள்ளவர்.

"என்னைச் சாகக் குடுத்துத்தான் நீ வீட்டிலை இருக்கவேணுமோ? வேணுமெண்டால் நான் உண்மையாய்ச் செத்துக் காட்டுறன். அதுமட்டும் பொறு."

அதனால் தந்தி தள்ளிப் போனது. ஆவணி நடுப்பகுதியில் ஒரு நீலநிற எயாமெயில் வந்தது. மாஸ்ரர் அதை மூன்றுதரம் வாசித்தார். அதில் நாலு எழுத்துப் பிழை இருந்தும் சிவப்புப் பேனை வெளியே வரவில்லை. அன்று பின்னேரம் கடிதத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்து, என்னை வாசிக்கச் சொன்னார்.

அந்தப் பள்ளிக்கூடத்துக் கேற் காவல்காரன் சுலேமான் சொல்லச் சொல்ல ஒரு மாணவன் இங்கிலீசில் எழுதிய கடிதம். "சேர், சுகமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? உங்கள் சாய்மனைக் கதிரையைக் கறையான் எடுத்துவிடும் என்று கேற்றடிக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். அதில் ஒருவரையும் இருக்க விடவில்லை. புதுக் கணித மாஸ்ரர் தேடவேண்டுமோ என்று பிரின்சிப்பல் யோசித்தார். தேவையில்லை, எங்கள் கணித சேர் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனவர், வருவார் என்று சொன்னேன். அவர் தேடுவதை நிறுத்திவிட்டார்."

"நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லை எண்டியள்?"

மாஸ்ரர் முகத்தைத் துடைத்தார். அங்கிருந்து வெளிக்கிட்ட அன்று நடந்ததை அப்போதுதான் சொன்னார். லீவு விட்ட நாள். ஒருவரும் சந்தேகப்படக் கூடாது என்று கதிரை, நுளம்புவலை, விளக்கு எல்லாவற்றையும் வீட்டிலேயே விட்டுவிட்டு, ஒற்றைப் பெட்டியோடு கேற்றைத் தாண்டப் பார்த்திருக்கிறார். சுலேமான் ஓடிவந்து பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு பஸ்வரை வந்துவிட்டான். பஸ் வெளிக்கிடும் நேரம் அவன் ஒன்றும் கேட்காமல் இவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

"போறன் எண்டு சொல்ல எங்கடை வாய்க்கு வருமே, தம்பி? ஐ வில் கோ அண்ட் கம் எண்டு வந்திட்டுது. போட்டு வாறன் எண்டதை அப்பிடியே இங்கிலீசிலை விட்டுட்டன்."

அந்த ஊரிலும் அப்படித்தான் சொல்வார்களாம். போகிறவன் போய்வருகிறேன் என்று சொன்னால் வருவான் என்றுதான் பொருள். சுலேமான் சிரித்து, "கோ அண்ட் கம், சேர்" என்று கைகாட்டியிருக்கிறான். வாழ்க்கையில் ஒரே ஒருதடவை சொல்லிக்கொண்டு வெளிக்கிட்டவர், அதையும் பொய்யாகச் சொல்லி மாட்டிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"இனித் தந்திதான்," என்றார். "அம்மா காலம் எண்டு அடிச்சால் அவங்களும் வேறை ஆளைத் தேடுவாங்கள்."

"இன்னும் மூண்டு கிழமையிலை பள்ளிக்கூடம் துடங்குது. அதுக்குள்ளை ஆளைப் பிடிக்கேலுமே?"

அவர் எயாமெயிலைத் திரும்ப வாங்கி மடித்தார். ஞானாம்பிகை அக்கா வேலிக்கு அங்கால் உடுப்புக் காயப்போட்டபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். மாஸ்ரர் இங்கே நிற்கவேண்டும் என்று அவரைவிட ஆசைப்பட்டவர் இந்த அக்காதான். இரண்டு வருடம் தனியாகக் கிடந்து, இந்த ஒரு மாதமாகத்தான் முகம் தெளிந்திருந்தவர்.

"இஞ்சருங்கோ," என்றார். "நீங்கள் நிண்டால் எனக்குச் சந்தோசம்தான். பொய் சொல்லமாட்டன். ஆனால் எனக்கொரு விளக்கம் வேணும். செத்தவீட்டிலையிருந்துதான் ஆக்கள் சொல்லாமல் வெளிக்கிடுறது. அந்தப் பள்ளிக்கூடத்திலை ஆர் செத்தது?"

கையில் இருந்த சேலையை உதறி வேலியில் விரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். மாஸ்ரர் அப்போதும் இருமவில்லை, சைக்கிளைத் தேடவில்லை. எங்கள் முற்றத்தில் வெகுநேரம் நின்றார்.

ஆனாலும் பிடிவாதக்காரர். மறுநாட் காலை என்னையும் கூட்டிக்கொண்டு உபதபால் கந்தோருக்குப் போனார். தந்திப் படிவத்தை நிரப்பினார். எழுத்து வழமையான அச்செழுத்தாக இல்லை, கோடு தாண்டி ஓடியது. தபாலதிபர் சீவரத்தினம் அதை வாங்கி, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி வாசித்தார். பிறகு மாஸ்ரரைப் பார்த்தார்.

"மாஸ்ரர், இது உங்கடை அம்மாவோ?"

"ஓம்."

"பராசக்தி அம்மாவோ?"

"எனக்கு வேறை அம்மா இல்லை."

"இப்பதான் எங்கடை வளவுக்கை வந்து கறிவேப்பிலை முறிச்சுக்கொண்டு போறா. மரத்தைப் பராமரிக்கத் தெரியாதெண்டு எனக்குப் பேச்சும் தந்தவா."

நான் வெளியே பார்த்தேன். 

"எனக்கென்ன, நான் அனுப்புறன்," என்று சீவரத்தினம் பேனையை எடுத்தார். "தந்தி குடுத்த நேரம் எழுதவேணும். இந்தச் சுவர் மணிக்கூடு நேற்றிலையிருந்து நிண்டுபோச்சு. உங்கடையிலை எத்தினை மணி?"

மாஸ்ரர் கையைத் தூக்கிப் பார்த்தார். எட்டிப் பார்த்த எனக்குத் தெரிந்தது, சரியாகப் பத்தரை. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். பின்னால் நின்ற ஒருவர் தொண்டையைச் செருமினார்.

பிறகு மாஸ்ரர் மணிக்கூட்டைக் கையிலிருந்து கழற்றினார். தந்திப் படிவத்தைச் சீவரத்தினத்தின் விரலுக்கிடையிலிருந்து மெல்ல இழுத்து, நாலாக மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தார். மணிக்கூட்டின் சாவியை நகத்தால் நெம்பி, முட்களைப் பின்னோக்கித் திருப்பத் தொடங்கினார். பத்து, ஒன்பது, எட்டு, ஏழு. நைஜீரியாவில் அப்போது காலை ஆறு மணி. பெரிய முள் பன்னிரண்டில் வந்து நின்றதும், சாவியை உள்ளே அமத்தி, காதோடு வைத்து ஓடுகிறதா என்று கேட்டார்.