கொளஞ்சிநாதன் சொன்ன "ஒண்ணும் இல்லீங்க"

வடக்குத்து ஊர்க்காரன் கொளஞ்சிநாதன் இருபது வருஷமாக நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறான். கன்வேயர் பெல்ட்டுக்கு இரும்பு ரோலர் மாற்றும் கேங்க். நானும் அதே கேங்க்தான், பெயர் பவுல்ராஜ். இவனைப் போல உழைப்பாளியையும் பார்த்ததில்லை, இவனைப் போல அழுத்தக்காரனையும் பார்த்ததில்லை. பல்வலியில் கன்னம் வீங்கி நின்றபோதும் "ஒண்ணும் இல்லண்ணே" என்றவன்.

அதில் எங்களுக்கும் பங்கு உண்டு. வருஷா வருஷம் கம்பெனி மெடிக்கல் பரிசோதனைக்கு முன்னால் கேங்கே கூடிப் பாடம் படிப்போம். தலை சுற்றுதா? இல்லை. மூச்சு வாங்குதா? இல்லை. அன்ஃபிட் என்று எழுதிவிட்டால் கேட் பாஸ் போச்சு, வேலையும் போச்சு. ஒருத்தனைப் பற்றி இன்னொருத்தன் வாய் திறக்கக் கூடாது.

போன மாதம் ஆடு குறுக்கே வந்து பைக்கிலிருந்து விழுந்தான். நெஞ்சில் அடிபட்டதற்கு எடுத்த ஸ்கேனில் வேறொன்று தெரிந்தது. பாண்டிச்சேரியில் ஒரு இருதய டாக்டரம்மாவிடம் அவனையும் மனைவி அம்சவல்லியையும் நான்தான் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். இருதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் குழாய் ஒன்று பிறவியிலேயே இடம் மாறி முளைத்து, இரண்டு பெரிய குழாய்களுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு போகிறதாம். கடுமையாக உழைக்கும்போது நசுங்கலாமாம். நாற்பத்திரண்டு வயது வரை இதை வைத்துக்கொண்டா இவன் ரோலர் தூக்கினான்?

"டிரெட்மில் டெஸ்ட்ல குறை தெரியல. தொந்தரவே இல்லன்னா இந்த வகைக்கு ஆபரேஷன் வேணாம், கண்காணிச்சுட்டு வரலாம். வேலை செய்றப்போ மயக்கம் வந்திருந்தா ஆபரேஷன்தான். வந்திருக்கா?"

"ஒண்ணும் இல்லீங்க."

டாக்டரம்மா எழுதத் தொடங்கினார். அம்சவல்லி மாரியாத்தாவைக் கும்பிட்டாள். பெல்ட் ஏணியில் இரண்டு முறை சுருண்டு விழுந்தவன் முகத்தில் தண்ணீர் தெளித்தவனே நான்தான். அப்படியும் மெடிக்கல் பழக்கத்தில் வாய் பூட்டிக்கொண்டது. இது அந்த மெடிக்கல் இல்லையடா மடையா என்று அப்புறம்தான் உறைத்தது.

"பொய் சொல்றான் டாக்டர். வேலையில ரெண்டு தடவ மயங்கி வுழுந்தான். நான்தான் தூக்குனேன்."

அம்சவல்லி என் பக்கம் திரும்பி முறைத்தாள். டாக்டரம்மா எழுதியதை அடித்தார்.

"கொளஞ்சிநாதன், உண்மையைச் சொல்லுங்க. ரெண்டு தடவையா?"

அவன் குனிந்தபடி விரலை மடக்கி எண்ணினான்.

"அஞ்சுங்க."

எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

"கடைசியா எப்போ?"

"இன்னிக்கு காலைலங்க. இங்கதான், மாடிப்படி ஏறுறப்ப. இவங்க ரெண்டு பேரும் ஓ.பி. சீட்டு போட நின்னுகினு இருந்தாங்க."

"படியில வேர்த்துக்கினு குந்தியிருந்தியே, வெயிலுன்னு சொன்னியே!" என்று அம்சவல்லி அலறினாள்.

டாக்டரம்மா போனை எடுத்து, சக்கர நாற்காலி கொண்டுவரச் சொன்னார். கீழே வார்டு வரைக்கும்கூட அவன் நடக்கக் கூடாதாம்.