லிவர்பூல் திட்டமும் பெரிலின் சிறுநீரகமும்

வட இங்கிலாந்தில் எங்கள் டாட்மார்டன் ஊர்ப் பள்ளிக்கூடச் சமையலறையில் பத்தொன்பது வருஷமாக உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருக்கும் நோரீன் சக்டன் ஒரு நாளைக்கு எத்தனை தடவை நன்றி சொல்கிறாள் என்று யாராவது எண்ண உட்கார்ந்தால் எண்ணுகிறவருக்குத்தான் தலை சுற்றும். பேருந்திலிருந்து இறங்கும்போது ஓட்டுநருக்கு ஒன்று. கடையில் ரொட்டியைக் கையில் வாங்கும்போது ஒன்று, மீதிச் சில்லறையை வாங்கும்போது இன்னொன்று. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு ஒன்று. காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்கிறவருக்குக்கூட ஒன்று. எங்கள் ஊரில் எல்லாருமே அப்படித்தான். ஆனால் தன் சிறுநீரகத்தையே எடுத்துக் கொடுத்த பெரில் விட்டமுக்கு மட்டும் பதினோரு மாதமாக ஒரு நன்றி சொல்ல அவளால் முடியவில்லை.

முயலாமல் இல்லை. பெரில் அதே சமையலறையில் பாத்திரம் கழுவுகிறவள். அறுபத்தொரு வயது. நோரீனைவிட நாலு வயது மூத்தவள், ஒரு சாண் குள்ளம். பூங்கொத்து வாங்கிக் கொண்டுபோனபோது, இதை எங்கே வைப்பது, பூனை தின்றுவிடுமே என்று கவலைப்பட்டாள். வாழ்த்து அட்டை கொடுத்தபோது முன்பக்கத்துப் படத்தைப் பார்த்து நன்றாயிருக்கிறது என்றாள், உள்ளே எழுதியிருந்ததைப் பற்றி மூச்சு விடவில்லை. ஒரு நாள் நோரீன் மனசைத் திடப்படுத்திக்கொண்டு, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தாள். கஸ்டர்ட் அடிப்பிடித்துவிட்டது என்பதாயிருந்தால் சொல்லாதே என்றாள் பெரில். அதற்கப்புறம் என்னத்தைச் சொல்வது?

கொடுத்த விதமும் அப்படித்தான். நோரீனின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டபிறகு வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு அவளைக் கட்டிப்போட்டிருந்தார்கள். மீதி நாட்களில் வேலைக்கு வந்தாள். வீட்டில் உட்கார்ந்தால் சுவரைத்தான் பார்க்க வேண்டும், தனிக்கட்டை. அண்ணனுடையது பொருந்தவில்லை. வேறு யாரும் இல்லை. இரண்டு வருஷம் போனபிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, கழுவுதொட்டியில் முழங்கை வரை நுரையோடு நின்றுகொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் பெரில் பேசினாள்.

"ஆஸ்பத்திரில கேட்டேன் கண்ணு. என்னோடது உனக்கு ஒத்துப்போகுதாம். அந்தப் பெரிய சட்டிய இப்படித் தள்ளு."

நோரீன் சட்டியைத் தள்ளினாள். நிஜத்தைச் சொன்னால் இருவரும் அதுவரை பெரிய சிநேகிதிகள்கூட இல்லை.

வருஷம் திரும்பப் போகிறது என்றதும் நோரீன் ஒரு முடிவுக்கு வந்தாள். வாயால் வராதது காலால் வரட்டும். மே மாதக் கடைசியில் பள்ளிக்கு ஒரு வாரம் விடுமுறை. அதில் இரண்டு நாள், ஒரு இரவு, பெரிலை எங்காவது கூட்டிக்கொண்டு போவது. வெளியூரில் ஒரு ராத்திரி தங்குவது என்பதே நோரீனுக்கு மூன்று வருஷமாக நடக்காத காரியம், இயந்திரம் விட்டிருக்காது. அந்த ராத்திரியைத் தந்தவளோடு அதைக் கழிப்பதைவிட வேறென்ன வேண்டும்?

எந்த ஊர் என்பதில் குழப்பமே இல்லை. லிவர்பூல். எப்போதோ தேநீர் நேரத்தில் யாரோ வைத்திருந்த பத்திரிகையில் அந்த ஊர்ப் படத்தைப் பார்த்து, "நல்லாத்தான் இருக்குல்ல" என்று பெரில் சொல்லியிருந்தாள். இத்தனை வருஷத்தில் பெரில் ஒன்றைப் பிடித்திருக்கிறது என்று சொல்லி நோரீன் கேட்டது அந்த ஒரு தடவைதான். அந்த ஒற்றை வாக்கியத்தின்மேல் இரண்டு நாள் பயணத்தைக் கட்டி எழுப்பினாள்.

எங்கள் பக்கத்து ஆட்கள் பயணம் போவதைவிடத் திட்டம் போடுவதில் அதிகம் சந்தோஷப்படுகிறவர்கள். நோரீன் அதில் ஒரு படி மேல். கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினாள். எட்டு இருபதுக்கு ரயில், மான்செஸ்டரில் மாற வேண்டும், மாறுவதற்குள் ஒரு தேநீர். பத்தே முக்காலுக்குப் படகுத்துறை. பதினொன்றுக்கு ஆற்றில் படகுச் சவாரி, ஐம்பது நிமிஷம். மதியம் அந்த ஊர்க்காரர்கள் பெருமையடித்துக்கொள்ளும் ஆட்டுக்கறிக் குழம்பு, கூடவே ஊறவைத்த சிவப்பு முட்டைக்கோஸ். பிறகு ஒரே தெருவின் இரு முனைகளில் முறைத்துக்கொண்டு நிற்கும் இரண்டு பேராலயங்கள். ஆறு மணிக்கு நோரீனின் சிறுநீரக மாத்திரை, அது தப்பக் கூடாது. ஏழு மணிக்கு நிலவறை விடுதி ஒன்றில் பாட்டுக் கச்சேரி. மழை பெய்தால் என்ன என்பதற்குத் தனிப் பக்கம். மழை ஓயாத அந்தப் பக்கத்தில் மழை பெய்யாவிட்டால் என்ன என்பதற்குத்தான் பக்கம் வைத்திருக்க வேண்டும், ஆனால் நம்பிக்கை யாரை விட்டது?

ஒவ்வொன்றையும் பெரிலிடம் கேட்டுக்கேட்டுத்தான் எழுதினாள். பேராலயம் பார்க்கலாமா? அருமை. இரண்டையுமா? அருமை. படகு? அதற்கு மட்டும் ஒரு தட்டைத் துடைத்துக்கொண்டே கொஞ்சம் தாமதித்து, அருமை. உனக்கு என்ன பார்க்க ஆசை என்று நேராகக் கேட்டால், "எனக்கு எதுன்னாலும் சரி, நீ பாத்துச் செய்யி கண்ணு."

இதற்கெல்லாம் எங்கள் ஊரில் ஒரு கணக்கு உண்டு. அருமை என்றால் பரவாயில்லை. பரவாயில்லை என்றால் பிடிக்கவில்லை. எதுவானாலும் சரி என்றால் ஏதோ இருக்கிறது, மூன்றாம் தடவை கேட்டால்தான் வெளியே வரும். இது நோரீனுக்குத் தெரியாததல்ல. பிறந்ததிலிருந்து அவளும் இதே மொழியைத்தான் பேசுகிறாள். ஆனால் திட்டம் போடும் மும்முரத்தில் மூன்றாம் தடவை கேட்க விட்டுப்போயிற்று.

மே மாத நடுவில் ஒரு சனிக்கிழமை, சந்தைக் கட்டடத்தில் பாலாடைக்கட்டிக் கடை வரிசையில் நின்றபோது அவளுக்கு முன்னால் பெரிலின் கணவர் கிளிஃபர்ட் நின்றிருந்தார். உயரமான, அமைதியான மனிதர். வானிலையை இருவரும் முறைப்படி பேசி முடித்தார்கள். பிறகு அவர், நாளைக்கும் மழை வராவிட்டால் தேவலை, ஏரிக்குப் போக வேண்டும் என்றார். எந்த ஏரி, எதற்கு என்று கேட்டாள் நோரீன்.

"லிட்டில்பரோ ஏரிதான். உங்க படகுக்காகத்தான். ஒரு மாசமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அவள வெச்சுத் துடுப்புப் போடுறேன், பழகட்டும்னு. குளிக்கிற தொட்டி நெறைஞ்சாலே அவளுக்கு ஒரு மாதிரி ஆயிடும். போன வாரம் பரவாயில்ல, ஒரு தடவதான் வாந்தி எடுத்தா." நோரீனின் முகத்தைப் பார்த்தபிறகுதான் அவருக்கு உறைத்தது. "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேனே."

நோரீன் பாலாடைக்கட்டி வாங்காமலே வீட்டுக்கு வந்தாள். கடைக்காரரிடம் நன்றி மட்டும் சொன்னாள், எதற்கென்று அவருக்கும் தெரியவில்லை.

முதலில் சிரிப்பு வந்தது. அந்தக் குட்டைப் பெண்மணி படகில் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் யாருக்குத்தான் வராது? தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும்போது சிரிப்பு நின்றது. வேண்டாம் என்ற ஒரு சொல்லைச் சொல்ல முடியாமல் மாதம் முழுக்க ஏரியில் வாந்தி எடுக்கிறவள், வேறு எதற்கெல்லாம் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டாள்? ஒருவேளை ஆஸ்பத்திரிக்காரர்கள் பொருந்துகிறது என்று சொன்னபிறகு பின்வாங்க வெட்கப்பட்டிருப்பாளோ? ஆபரேஷன் மேசையில் கிடத்திக் கத்தி வைத்தபோதும் அருமை என்றுதான் சொல்லியிருப்பாளோ? நோரீன் வலது பக்கம் அடிவயிற்றில், தழும்புக்கு மேல், கையை வைத்துக்கொண்டாள். ஆசையோடு தந்தது என்று நினைத்துத்தான் பதினோரு மாதமாக அதைச் சுமந்திருந்தாள். மரியாதைக்காகத் தந்ததாயிருந்தால் அதை எப்படி உடம்பில் வைத்துக்கொண்டு நடமாடுவது? திருப்பிக் கொடுக்கிற சாமானா அது?

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் லிட்டில்பரோவுக்குப் போய், அங்கிருந்து நடந்து ஏரிக்கரையை அடைந்தாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. கரையோரமாகவே ஒரு துடுப்புப் படகு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. கிளிஃபர்ட் ஏதோ முட்டை ஏற்றிய வண்டியை ஓட்டுவதுபோல் துடுப்புப் போட்டார். எதிரில் பெரில், ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைக்குள் கழுத்து வரை புதைந்து, இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பிடித்தபடி, கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

கரையேறிய பெரில் நோரீனைப் பார்த்ததும் அந்தச் சட்டையை அவசரமாகக் கழற்றப் பார்த்தாள், வார் சிக்கிக்கொண்டது. நல்ல வெயிலாக இருக்கிறதே என்றாள். வெயிலே இல்லை. கிளிஃபர்ட், நான் போய்த் தேநீர் வாங்கி வருகிறேன் என்று நழுவினார். ஒரு மனிதன் தன் வாழ்நாளில் செய்த புத்திசாலித்தனமான காரியங்களில் அதையும் சேர்க்கலாம்.

இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நோரீன் ஏரியைப் பார்த்துக்கொண்டே பேசினாள், முகத்தைப் பார்த்தால் வராது.

"பெரில், ஒண்ணு கேக்குறேன். அருமைன்னு மட்டும் சொல்லிடாத. வேணாம்னு சொல்ல முடியாமத்தான் எனக்கு அதக் குடுத்தியா?"

பெரில் சிக்கிய வாரை இழுத்துப் பார்த்தாள். இரண்டு வாத்துகள் வந்து இவர்களிடம் ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டு போயின.

"நீ எப்ப என்கிட்ட கேட்ட?" என்றாள் பிறகு.

"எத?"

"அதத்தான். நீ கேட்டியா? கிளிஃப் கேட்டாரா? டாக்டர் கேட்டாரா? யாருமே கேக்கல. யாராச்சும் கேட்டாத்தானே வேணாம்னு சொல்லணும்."

நோரீன் யோசித்துப் பார்த்தாள். உண்மைதான். அவள் பெரிலிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்கலாம் என்ற நினைப்பே அவளுக்கு வந்ததில்லை. பெரிலாகவே ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, பல் டாக்டரிடம் போகிறேன் என்று எல்லாரிடமும் பொய் சொல்லிவிட்டு, மான்செஸ்டர் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போயிருக்கிறாள்.

"எங்கம்மா நம்ம சமையலறையில வேலை இருக்கு, போறியான்னாங்க. சரின்னு வந்தேன். இவரு கட்டிக்கிறியான்னாரு, சரின்னேன். நல்ல மனுஷந்தான், அது வேற. வீடு, பூனை, வீட்டுத் திரைச்சீலை கலர் வரைக்கும் யாராச்சும் கேட்டாங்க, நான் சரின்னேன். இது ஒண்ணுதான் யாரும் கேக்காம நானா போய் நின்னது. யாராச்சும் கட்டாயப்படுத்துறாங்களான்னு ஆஸ்பத்திரி ஆளு ஒருத்தர் என்னைத் தனியா உக்கார வெச்சு மூணு தடவ கேட்டாரு. நாலாவது தடவ கேட்டிருந்தா கைப்பையால ஒண்ணு போட்டிருப்பேன்."

நோரீனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பெரில் அவளைப் பார்க்காமல் சட்டை வாரோடு மல்லுக்கட்டிக்கொண்டே மேலும் சொன்னாள்.

"முன்னெல்லாம் காலையில நீ வந்து வலைத்தொப்பி மாட்டுறப்ப மூஞ்சி சாம்பல் மாதிரி இருக்கும். இப்ப சிவப்பா இருக்கு. நான் செஞ்சதுன்னு தெனமும் பாத்துக்குவேன். நீ வேற பூவும் அட்டையும் குடுத்து அத ஏதோ கடன் மாதிரி ஆக்குனியா, அதான் எரிச்சலா இருந்துச்சு."

"நன்றி, பெரில்," என்றாள் நோரீன். அவ்வளவுதான். பதினோரு மாதம் தொண்டையில் நின்றது, ரொட்டிக் கடையில் சொல்வதைப்போல் சாதாரணமாக வெளியே வந்தது. பெரில் வானிலைக்குத் தாவவில்லை, பூனையையும் இழுக்கவில்லை. தலையை ஆட்டி வாங்கிக்கொண்டாள்.

கிளிஃபர்ட் மூன்று தேநீரோடு வந்தார். குடித்தார்கள். நோரீன் பைக்குள்ளிருந்து நோட்டை எடுத்து மடியில் விரித்தாள்.

"படகு?"

பெரில் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்து, மூடி, கணவரைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள்.

"வேணாம்," என்றாள். சொல்லிவிட்டுத் தன் குரலைத் தானே கேட்டவள்போல் உட்கார்ந்திருந்தாள்.

நோரீன் நோட்டில் அந்த வரியை அடித்தாள். "ரெண்டு பேராலயம்?"

"ஒண்ணு போதும். ரெண்டு எதுக்கு?"

"ஆட்டுக்கறிக் குழம்பு?"

"வேணாம் கண்ணு. வாரம் பூரா குழம்புச் சட்டியத்தான் கழுவுறேன்."

"பாட்டுக் கச்சேரி?"

"அதுக்குப் போகணும்," என்றாள் பெரில். "முன்வரிசையில உக்காரணும். நான் எழுந்து ஆடினா நீ பாக்கக் கூடாது."

நோரீனுக்கு மனசு நிறைந்து வழிந்தது. ஒவ்வொரு வேணாமும் காதில் விழும்போது, தனக்குள் இருப்பது முழு மனசோடு வந்தது என்பது இன்னும் கொஞ்சம் உறுதியாயிற்று. பட்டியல் முடிந்துபோனது. முடிந்ததை அவள் சொல்லவில்லை. வெற்றுப் பக்கத்தைப் பார்த்தபடியே, அங்கே கப்பல் கயிறுகளுக்கென்று ஒரு அருங்காட்சியகம் இருக்கிறதாம், போகலாமா என்று கேட்டாள். அப்படி ஒன்று அந்த ஊரில் இருக்கிறதா என்று அவளுக்கே தெரியாது.

"வேணாம்," என்றாள் பெரில்.

பழைய பொத்தான்களுக்கு ஒன்று இருக்கிறதாம் என்றாள் நோரீன்.