பாடியவர்: பாடகர் குழு

முப்பத்தொரு பாடல்களில் ஒரு பெண்ணின் பெயரை நான் மறைத்தேன். கை தவறி நடந்ததல்ல. ஒவ்வொன்றாக, நிதானமாக, காபி குடித்துக்கொண்டே மறைத்தேன்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, என் கணவரிடம்கூட. உங்களிடம் சொல்வதற்குக் காரணம், நீங்கள் எங்கள் சபைக்கு வரப்போவதில்லை, என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளப் போவதில்லை என்ற தைரியம்தான். கோழை என்கிறீர்களா? சொல்லிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழுது வடிவதற்காக நான் உட்காரவில்லை. இது நான் ஜெயித்த கதை. எப்படி ஜெயித்தேன் என்பதுதான் தொண்டையில் நிற்கிறது...

என் பெயர் ஹெலன். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். அதைவிட அதிக காலமாக எங்கள் சபையின் பாடகர் குழுவில் பாடுகிறவள். எங்கள் குழு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் புதிதாகப் பாடல்கள் கட்டி ஓர் ஆல்பம் கொண்டுவரும். பாட்டெழுதி மெட்டுப் போடுவது எல்லாம் எங்கள் மாஸ்டர். அவர் இப்போது இல்லை. அவர் விட்டுப்போனது முப்பத்தாறு ஆல்பங்கள், நானூற்றுப் பன்னிரண்டு பாடல்கள். கேசட், சிடி, பென்டிரைவ் என்று எல்லாம் கலந்து, பாதி பூஞ்சை பிடித்து, உறை ஒன்றும் உள்ளே இருப்பது ஒன்றுமாகச் சபை அலுவலக பீரோவில் கிடந்தன.

இவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒழுங்குபடுத்த யார் முன்வருகிறீர்கள் என்று கமிட்டி கேட்டது. எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். நான் கை தூக்கினேன்.

இரண்டு வருட வேலை! கேசட் ஓட்ட ஒரு டெக் வேண்டுமென்று பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போய், பழைய மிக்ஸிகளுக்கும் மின்விசிறிகளுக்கும் நடுவில் ஒன்றைப் பொறுக்கி எடுத்து வந்தேன். குழுவில் தாழ்ந்த குரலில் பாடும் ஜான்சன் அண்ணா திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"இன்னா டீச்சர், இத்தப் போயி வாங்கினு வந்துகிறீங்க? உள்ள பெல்ட்டே அறுந்து கீது" என்றார். திட்டிக்கொண்டே சரிசெய்தும் கொடுத்தார்.

ஒரு பாட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் மட்டும் போதாது. அதன் உள்ளே சில கட்டங்கள் இருக்கின்றன. பாட்டின் பெயர், ஆல்பம், ஆண்டு, வரிசை எண், பாடியவர்... ஒவ்வொன்றையும் நிரப்ப வேண்டும். ஒரு கட்டத்தில் ஓர் எழுத்து மாறினாலும் ஒரே ஆல்பம் ஒன்பது துண்டாகச் சிதறி நிற்கும். ஆரம்பத்தில் எனக்கு அப்படித்தான் நின்றது. நான்கு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு காரணத்தைக் கண்டுபிடித்து, ஆல்பத்துக்குரியவர் என்ற கட்டத்தில் எல்லாவற்றுக்கும் எங்கள் குழுவின் பெயரை ஒரேமாதிரி அடித்தேன். ஒன்பது துண்டுகளும் என் கண்ணெதிரே ஒன்றாகச் சேர்ந்தன. நான் எழுந்து நின்று கை தட்டினேன். சமையலறையிலிருந்து கணவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இனிமேல்தான் என் பாவம் தொடங்குகிறது.

எங்கள் மாஸ்டர் தனிக்குரல் பாடியவரின் பெயரைக் கேசட் அட்டையில் போட மாட்டார். "பாட்டு ஆண்டவருக்கு, பேரு எதுக்கு?" என்பார். யார் தனியாகப் பாட வேண்டும் என்பதையும் வாயால் சொல்ல மாட்டார். பாட்டுத் தாளின் மூலையில் பென்சிலால் சின்னதாக ஒரு நட்சத்திரம் போட்டு, தாள்களைக் கையில் கொடுத்துக்கொண்டே போவார். நட்சத்திரத் தாள் யாருக்கு வருகிறதோ அவர் பாடுவார். மற்றவர்கள் பேசாமல் வாய் மூடிக்கொள்வோம். ஆகவே எந்தப் பாட்டு யார் குரல் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதச் சாட்சிகூடக் கிடையாது. இருந்தது என் காது ஒன்றுதான்.

நல்ல காது அது! மூச்சு எடுக்கிற இடத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன். கமிட்டியும் அதை நம்பி ஒரு விதி போட்டது. குரல் தெரிந்தால் பெயர் எழுதுங்கள், தெரியாவிட்டால் 'பாடகர் குழு' என்று எழுதுங்கள். உண்மையாகவே தெரியாத பத்தொன்பது பாட்டுக்கு அப்படி எழுதினேன். மனமறிந்து முப்பத்தொரு பாட்டுக்கு அப்படி எழுதினேன்.

அந்த முப்பத்தொன்றும் சுகந்தி பாடியவை.

சுகந்தி என்னைவிட மூன்று வயது சிறியவள். அவள் குழுவில் சேரும்வரை நட்சத்திரம் பெரும்பாலும் என் தாளில்தான் இருக்கும். சேர்ந்த பிறகு... புரிந்துகொள்ளுங்கள். அவள் என்னிடம் ஒருநாள்கூடத் திமிராக நடந்ததில்லை. "அக்கா, இந்த இடம் எனக்கு வரல, சொல்லிக் குடுங்க" என்று என்னிடமே வந்து நிற்பாள். நான் சொல்லிக் கொடுத்ததை வைத்துக்கொண்டு என்னைவிட நன்றாகப் பாடுவாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பிறகு அவளுக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. ஆபரேஷன் முடிந்ததும் குரல் போய்விட்டது. பேசினால் காற்றுதான் வந்தது. செய்தி கேட்டதும் என் மனதில் முதலில் எழுந்தது என்ன தெரியுமா? இந்த வருடம் நட்சத்திரம் எனக்கு என்பதுதான்! அடுத்த நிமிடமே முழங்காலில் நின்று அவளுக்காக ஜெபம் செய்தேன். இரண்டையும் செய்தவள் ஒரே ஹெலன்தான்.

நட்சத்திரம் வந்தது. வருடாவருடம் வந்தது. ஆனால் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்ததும் யாராவது ஒருவர் என்னிடம் வந்து, "நல்லா பாடினீங்க டீச்சர். ஆனா நம்ம சுகந்தி பாடினா வேற மாதிரி இருக்கும், இல்ல?" என்பார். நான் சிரித்துக்கொண்டே ஆமாம் என்பேன். அந்தச் சிரிப்பெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று எனக்கே தெரியவில்லை... ஒருநாள் கம்ப்யூட்டர் முன்னால், 'பாடியவர்' கட்டத்தில் அவள் பெயரை அடிக்க வேண்டிய நேரத்தில் அது வெளியே வந்தது.

முதல் பாட்டுக்குக் கை தயங்கியது. ஐந்தாவதற்குத் தயங்கவில்லை. பாடியவர்களை எண்ணிக்கைப்படி அடுக்கிப் பார்த்தேன். முதலிடத்தில் ஹெலன், இருபத்தேழு பாடல்கள். எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா!

தொகுப்பைச் சபையார் அனைவரும் கைபேசியில் கேட்கும்படி வெளியிட்டோம். யாரும் எதையும் கவனிக்கவில்லை. ஏனென்றால் ஒவ்வொருவரும் தங்கள் பெயரை மட்டும் தேடினார்கள். ஜான்சன் அண்ணா தன் பெயரைப் போட்டு நான்கு பாட்டு வந்ததும் தெருவிலுள்ள அத்தனை பேருக்கும் காட்டினார். சுகந்தி பாடுவதை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது. அவள் பெயரைத் தேட வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒருவருக்குத் தோன்றியது. சுகந்தியின் மகள் லிடியாவுக்கு.

கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். ஒரு சனிக்கிழமை காலை அம்மாவை ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு முடிச்சூரிலிருந்து என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"ஆன்ட்டி, அம்மா பேரு போட்டா ஒண்ணுமே வர மாட்டேங்குது. இங்கிலீஷ்லயும் போட்டுப் பாத்தேன், தமிழ்லயும் போட்டுப் பாத்தேன்" என்றாள்.

நான் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனேன். உள்ளே போய் என்ன செய்தேன்? ஃபிரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்தபோது லிடியா சொல்லிக்கொண்டிருந்தாள். "அம்மாக்கு வாய்ஸ் போனப்ப நான் ஒண்ணாங்கிளாஸ் ஆன்ட்டி. அம்மா பாடி நான் கேட்டதே எனக்கு ஞாபகம் இல்ல. வீட்ல இருந்த கேசட்டெல்லாம் வெள்ளத்துல போயிடுச்சு. இதுலயாவது இருக்கும்னு நெனச்சேன்."

அந்த வெள்ளத்தில் அவர்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்றது எனக்குத் தெரியும். சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். கேசட் போனது மட்டும் தெரியாது. கேட்டதில்லை.

சுகந்தி அந்தக் காற்றுக் குரலில் மகளை அடக்கினாள். "விடுடி. அக்கா எவ்ளோ கஷ்டப்பட்டுப் பண்ணியிருக்காங்க. நான் ஒண்ணும் அப்படிப் பெரிசா பாடிடல போல."

அவள் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படி நம்பத் தொடங்கியிருந்தாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும்... 'சுகந்தி, நான்தான் வேண்டுமென்றே செய்தேன்' என்று நான்கு சொற்கள். நான் சொன்னது வேறு.

"பழைய ரெக்கார்டிங் இல்லையா, சில குரல் சரியா பிடிபடல. இன்னொரு தடவை நல்லா கேட்டுப் பாக்குறேன்மா" என்றேன்.

லிடியா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர்கள் போன பிறகு கம்ப்யூட்டரைத் திறந்தேன். எந்தப் பாட்டையும் மறுபடி கேட்க வேண்டிய அவசியம் எனக்கில்லை, முப்பத்தொன்றும் மனப்பாடம். எல்லாவற்றையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, 'பாடியவர்' கட்டத்தில் ஒரே ஒருமுறை சுகந்தி என்று அடித்தேன். பல மாதம் உட்கார்ந்து செய்த அநியாயம் பத்து விநாடியில் கலைந்தது. எண்ணிக்கைப்படி அடுக்கிப் பார்த்தேன். சுகந்தி முதலில், நான் இரண்டாவது. வயிறு எரியும் என்று எதிர்பார்த்தேன், எரியவில்லை. அதன்பின் கேட்க அவசியமில்லாத அந்தப் பாடல்களை ஒவ்வொன்றாகக் கேட்டேன். என்ன குரல்! என் வாழ்க்கையில் முதல்முறையாக, போட்டி போடாமல் அந்தக் குரலைக் கேட்டேன்.

மறுவாரம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் யாரும் போக வேண்டாம் என்று ஆயரைச் சொல்லவைத்தேன். பாட்டு வரிகள் காட்டும் பெரிய திரையில் எங்கள் தொகுப்பைத் திறந்து, தேடும் இடத்தில் நானே சுகந்தி என்று அடித்தேன்.

முப்பத்தொரு பாடல்கள் திரையை நிரப்பிக்கொண்டு வந்தன. மேலிருந்து கீழ்வரை ஒரே பெயர்! முதல் பாட்டை ஓடவிட்டேன். மின்விசிறிச் சத்தத்தைத் தாண்டி அந்தக் குரல் ஆலயம் முழுக்கப் பரவியது. ஜான்சன் அண்ணா வாய்விட்டு அழுதார். லிடியா திரையைப் பார்க்கவில்லை, அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுகந்தியின் உதடுகள் பாட்டோடு சேர்ந்து அசைந்தன, சத்தமில்லாமல், ஒரு சொல் பிசகாமல். இறுதி அடி வந்தபோது சபை முழுவதும் எழுந்து நின்று அவளோடு சேர்ந்து பாடியது. நானும் பாடினேன். அவ்வளவு மனநிறைவாக நான் என்றும் பாடியதில்லை.

அந்த மகிழ்ச்சி உண்மை. உங்களிடம் எதையும் மறைக்காமல் சொல்கிறேன், அதில் ஒரு துளி நடிப்பு இல்லை. நட்சத்திரம் போட்ட எந்தத் தாளும் எனக்கு அதைத் தந்ததில்லை.

ஆயர் ஒரு பொன்னாடை கொண்டுவந்தார். சுகந்திக்கு என்று நினைத்து நகர்ந்தேன். அவர் அதை என் தோளில் போட்டார். காணாமற்போன குரலைப் பொறுமையோடு தேடிக் கண்டுபிடித்த சகோதரி என்று ஒலிபெருக்கியில் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் மறுக்கவில்லை. மறுக்க வாய் திறந்தேனா என்றுகூட நினைவில்லை.

சுகந்தி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். காதருகே கேட்டாள்: "எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"நீ மூச்சு எடுக்கிற இடத்தை வச்சுதான்" என்றேன். அதில் பொய்யே இல்லை! அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதும் இல்லை.

இப்போது லிடியாவும் தொகுப்பைப் பராமரிக்க உதவுகிறாள். கெட்டிக்காரி. போன மாதம் என்னிடம் சொல்லாமல் ஒரு வேலை செய்திருக்கிறாள். ஒவ்வொரு பாட்டிலும் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. நான் அதைக் காலியாகவே விட்டிருந்தேன். அவள் தன் அம்மாவின் முப்பத்தொரு பாட்டிலும் அதை நிரப்பியிருக்கிறாள். சபையில் யார் அந்தப் பாடல்களைப் போட்டாலும், கைபேசியில் சுகந்தியின் பெயருக்குக் கீழே அந்த வரி ஓடுகிறது.

'இந்தக் குரலை மீட்டுத் தந்தவர்: ஹெலன் ஆன்ட்டி.'

அதை அழிக்க எனக்குப் பத்து விநாடி போதும். அழித்தால் லிடியா ஏன் என்று கேட்பாள். தினமும் காலையில் சுகந்தியின் பாட்டு ஒன்றைப் போட்டுக் கேட்கிறேன், அந்த வரி ஓடி முடியும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்று காலையும் பார்த்தேன். இன்னும் அழிக்கவில்லை.