காடைக் கறியில் ஒரு ரவை

பல்லடம் ரோட்டு ஓட்டலில் காடை வறுவல் தின்றுகொண்டிருந்தேன். பல்லில் ஏதோ கடுக்கென்றது. தட்டில் துப்பிப் பார்த்தால், வெறும் மிளகு.

தொண்ணூறுகளில் ஞாயிறானால் அப்பாவும் அவருடைய இரண்டு கூட்டாளிகளும் துப்பாக்கியோடு மதுக்கரைப் பக்கம் போவார்கள். அடித்த காடைகளை வாரம் ஒரு வீட்டில் சமைத்து எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவோம். கறியில் கடிபடும் ரவைகளை, துப்பாக்கியின் சின்ன ஈயக் குண்டுகளை, நான் பவுடர் டப்பாவில் சேர்த்து வைத்தேன். ஏழு இருந்தன.

ஒரு வாரம் கூட்டாளிகளுக்கு வேலை. அப்பா தனியாகப் போய் எட்டுக் காடைகளோடு திரும்பி, அவர்களைச் சாப்பிடவும் கூப்பிட்டுவிட்டார். கழுவும்போது அம்மா ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தாள். ஒன்றில்கூட ரவைத் துளை இல்லை. பண்ணைக் காடை. அம்மா மசால் அரைத்தாள். அப்பாவுக்கு அவளே பார்த்துப் பரிமாறினாள்.

ஒரு கூட்டாளி சிரித்தார். "ஏனுங்க மாப்ள, மூணு பேரு போனாலே மூணுதான் கெடைக்கும். தனியாப் போயி எட்டுங்களா? கறியும் பஞ்சாட்ட மெத்துனு இருக்குதுங்களே!"

அப்பா ஒரு துண்டை வாயில் போட்டார். கடுக்கென்றது. தட்டில் ணங்கென்று ரவை விழுந்தது. எல்லோரையும்விட அப்பாதான் திகைத்துப்போனார்.

"பாத்து மெல்லுங்க, ரவை கெடக்கும்" என்றாள் அம்மா, ரசத்தை ஊற்றிக்கொண்டே.

கூட்டாளி இன்னொரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் டப்பாவைத் திறந்தேன். ஆறுதான் இருந்தன. பின்னாலேயே வந்த அப்பா, கழுவிய ரவையை அதில் போட்டார்.

"அம்மாகிட்ட ஒண்ணும் கேக்காத, கண்ணு."