கொட்டகைக் காளானும் மாதா காட்சியும்

இன்று காலை அம்மாவும் நானும் என் மகளும் பஸ்ஸில் பூசைக்குப் போய்க்கொண்டிருந்தோம். வெளியே நல்ல மழை.

மழையைப் பார்த்ததும் அம்மா பழைய கதையை எடுத்தார். எண்பதுகளில் இங்கே சிங்கப்பூரின் செம்பவாங்கில் இருந்தபோது, பால்காரரின் மாட்டுக் கொட்டகையோரம் சாணியில் முளைத்த காளானைப் பறித்துக் குழம்பு வைத்தாராம். கிள்ளினால் நீலமாக மாறும் காளான். அன்று மாலை ஜெபமாலை சொல்லும்போது சுவர் மெல்ல மூச்சுவிட்டதாம். ஜன்னலுக்கு வெளியே மாமரம் முழுக்க ஒளி. நடுவில் மாதா.

எங்கள் பங்குக் கோயிலில் இந்தச் சாட்சியத்தைக் கேட்காதவர்கள் இல்லை.

மகள் போனில் எதையோ தேடிவிட்டு என் காதருகே சொன்னாள். "அப்பா, அந்தக் காளான் இங்க போதைப்பொருள் லா. வச்சிருந்தாலே ஜெயில். அப்பவே அதான் சட்டமாம்."

அம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

"அதே குழம்பை உன் தாத்தாவும்தான் ரெண்டு தட்டு சாப்பிட்டாரு. அவருக்கு வாந்திதான் வந்துச்சு. மாதா எனக்குத்தான் வந்தாங்க."

பஸ் கண்ணாடியில் வழிந்த நீரில் அடுக்குமாடி புளோக்குகள் ஒவ்வொன்றாகக் கரைந்துகொண்டிருந்தன.

இதைப் போலீஸிடம் சொல்வதா, பங்குச் சாமியாரிடம் சொல்வதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.