அரை மணிக்கு ஒரு முறை

துணிக்குச் சாயமேற்றும் ஆலையில் இருபத்தொன்பது ஆண்டுகள் கொதிகலனைக் காத்தவர் அவர். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து சென்று, அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்து, நீளக் குறிப்பேட்டில் நேரத்தையும் அளவையும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அத்தனை ஆண்டுகளில் ஒரு கட்டத்தைக்கூட அவர் வெறுமையாக விட்டதில்லை. அதனால் உடன் வேலை செய்தோர் அவரை ‘முள்ளுக்காரர்’ என்றே அழைத்தார்கள்.

ஒரு நாள் காலை, முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றவருக்குத் தலை சுற்றியது. ஆலை மருத்துவர் அவர் கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்த்தார். நூற்றெண்பது.

“மூணு மாசம் லீவு. மாத்திரையைப் போட்டுட்டு சும்மா இருங்க. அதுக்குள்ள இது இறங்கலேன்னா பாய்லர் பக்கம் விட முடியாது. கேட்டு வாசல்ல ஒரு நாற்காலி போட்டுத் தரேன், வர்றவங்க போறவங்களைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கலாம்.”

வாசல் நாற்காலி அவருடைய நெஞ்சில் தைத்துவிட்டது. வீடு திரும்பும் வழியிலேயே மருந்துக் கடையில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றையும், எதிர்க் கடையில் நீளக் குறிப்பேடு ஒன்றையும் வாங்கினார். அளவுகோல் வைத்துக் கட்டங்கள் கிழித்தார். நேரம், மேல் அளவு, கீழ் அளவு, கையொப்பம். காலை ஆறு முதல் இரவு ஒன்பது வரை, அரை மணிக்கு ஒரு முறை.

அவருடைய மனைவி வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். ஷிப்டு மாறி மாறி வந்த வாழ்க்கையில், இருவரும் ஒரு பிற்பகலைச் சேர்ந்தாற்போல் கழித்ததே அரிது. விடுப்பு என்றதும், துணி கொண்டுவந்தவர்களிடம், “வீட்டுக்காரர் லீவுல இருக்காரு, அப்புறமா வாங்க” என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள்.

“கால்வாய்க் கரையில கொஞ்ச தூரம் நடந்துட்டு வரலாமாங்க?” என்று முதல் வாரம் கேட்டாள்.

“பத்தரைக்கு ரீடிங் இருக்கு.”

“அதுக்குள்ள வந்துடலாம்.”

“நடந்துட்டு வந்து பாத்தா ஏத்திக் காட்டும்.”

அன்று அவள் சிரித்தாள். அடுத்த வாரம் சிரிக்கவில்லை. மூன்றாம் வாரம் தையல் இயந்திரத்தின் உறையைக் கழற்றி, திருப்பி அனுப்பியவர்களை மீண்டும் வரச் சொன்னாள். ஆனால் அரை மணிக்கு ஒரு முறை அந்த இயந்திரமும் நிற்க வேண்டியிருந்தது. அளவு பார்க்கும்போது சத்தம் கூடாது; பேச்சு கூடாது; தொலைபேசியில் மகள் கூப்பிட்டாலும் எடுக்கக் கூடாது.

“நான் உங்களைக் கட்டிக்கிட்டு வந்தேனா, பாய்லருக்கு வாக்கப்பட்டேனா?” என்றாள் அவள்.

“பேசாதே, ஏறுது!”

உண்மையில் ஏறத்தான் செய்தது. ஏறியதைக் கண்ட கவலையில் அடுத்த அளவு இன்னும் ஏறியது. வாசல் நாற்காலி நாளுக்கு நாள் அருகில் வந்துகொண்டிருந்தது.

ஏழாம் வாரம், ஒரு நாள் பிற்பகல் மூன்று மணி. “மெஷினை நிறுத்து” என்றார் முள்ளுக்காரர். அவள் நிறுத்திவிட்டு எழுந்தாள்; தள்ளாடினாள்; மேசையைப் பிடித்துக்கொண்டு மீண்டும் உட்கார்ந்தாள்.

“என்னாச்சு?”

“பின்கழுத்து இழுக்குது. ஒரு மாசமாவே இப்படித்தான்.”

“ஏன் சொல்லல?”

“எப்பச் சொல்றது? வாயைத் தொறந்தா உங்களுக்கு ஏறுதே!” என்றவள் கையை நீட்டினாள். “எனக்கும் ஒரு தடவை சுத்துங்க. உங்க மகாராசா என்னதான் சொல்றார்னு பாப்போம்.”

நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.

கருவி பழுதாகியிருக்கும் என்று நினைத்துத் தம் கையில் சுற்றினார். நூற்றெண்பத்து மூன்று, அவருக்கு அன்றாடம் காட்டும் அளவுதான். மீண்டும் அவள் கையில் சுற்றினார். நூற்றுத் தொண்ணூறு. கருவியில் பழுதில்லை.

என்ன செய்கிறோம் என்று அறியாமலே அவர் கை அளவுகோலை எடுத்தது. தம் கட்டங்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் புதிய கோடு ஒன்றை இழுத்தார்.

“என்ன பண்றீங்க?”

“உனக்கும் ஒரு கட்டம்…”

“எனக்குக் கட்டம் வேண்டாங்க.”

அவள் குரலில் கோபமில்லை. கோடு பாதியில் நின்றது.

வாடகை வண்டி வைத்துப் பக்கத்துத் தெரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். மருத்துவர் ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, ஒரு மணி நேரம் படுக்க வைத்துப் பார்த்த பிறகே அனுப்பினார். “நாளைக்குக் காலையில ஒரு தடவை பாத்தாப் போதும். இன்னைக்குத் தொந்தரவு பண்ணாம, யாராவது கூட உக்காந்திருங்க.”

வீடு திரும்பியபோது மணி ஐந்தேகால். அவள் படுத்தாள். முள்ளுக்காரர் கருவியைத் தையல் இயந்திரத்தின் இழுப்பறைக்குள் வைத்து மூடினார். அவளுடைய நாற்காலியை இழுத்து வந்து கட்டிலருகே போட்டுக்கொண்டார்.

ஐந்தரைக்குக் கை தானாகவே சட்டைப்பைப் பேனாவுக்குப் போயிற்று.

“மணியைப் பாக்காதீங்க” என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே.

“பாக்கல” என்றார். பார்த்திருந்தார்.

கொதிகலன் அறையில் வெறுமையான கட்டம் என்றால் யாரோ தூங்கிவிட்டார் என்று பொருள். அதன் பிறகு என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். அந்தப் பயத்தோடு, செய்வதற்கு ஒன்றுமில்லாமல் அவர் உட்கார்ந்திருந்தார்.

“கால்வாய்க் கரைக்குப் போலாமா? நீ எந்திரிச்சதும்?”

“எந்திரிச்சுப் பாப்போம்” என்றாள்.

எத்தனை மணிக்கு என்று அவர் கேட்கவில்லை. அவளுடைய கழுத்தோரம் ஒரு நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. அதை எண்ணத் தொடங்கினார், பதினேழில் நிறுத்திக்கொண்டார். மேசைமேல் திறந்து கிடந்த குறிப்பேட்டில், மருத்துவரிடம் போயிருந்த நேரத்துக் கட்டங்களுக்குக் கீழே ஐந்தரை மணிக் கட்டமும் வெறுமையாக இருந்தது. சற்று நேரத்தில் ஆறு மணிக் கட்டமும் அப்படியே ஆயிற்று.