வலது தோளும் திருப்திப் படிவமும்

என் கணவருக்கு வலது தோள் இறுகி நாலைந்து மாதம் இருக்கும். சேட்டுப் போடுவதற்கே முகம் சுளிப்பார். செங்கலடியில் கொரிய வைத்தியம் செய்யும் இடம் ஒன்று திறந்திருப்பதாக யாரோ சொல்ல, நாவற்குடாவிலிருந்து பஸ் ஏறிப் போகத் தொடங்கினார். மெல்லிய ஊசிகளைக் குத்தி, மூலிகையை எரித்துத் தோளுக்குச் சூடு காட்டுவார்களாம்.

“எப்பிடி இருக்கு?” என்று கேட்பேன்.

“சுகம்கா. நல்ல சுகம்.”

சுகமான மனிதர் ஏன் இடது கையால் தலை சீவுகிறார்? எனக்கு அந்த இடத்தின் மேல்தான் சந்தேகம் விழுந்தது. ஒருநாள் அவருடைய பையில் ஒரு படிவம் கிடந்தது. நோயாளிக்குத் திருப்தியா என்று கேட்டு, அழும் முகத்திலிருந்து சிரிக்கும் முகம் வரை ஐந்து படங்கள். சிரிக்கும் முகத்தைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார். ஆட்களைப் பேய்க்காட்டி எழுதி வாங்குகிறார்கள் என்றே நினைத்தேன்.

“நானும் வாறன்,” என்றேன்.

“நீ எதுக்கு இந்த வெயிலுக்குள்ள?”

அந்தக் கேள்வி என் சந்தேகத்தைக் கூட்டியது. விடாமல் போனேன்.

அங்கே காத்திருந்த மீன்பிடிகாரர் ஒருவர், “இப்ப நாரி நோ இல்ல, வலை இழுக்கிறன்,” என்றார். எழும்பும்போது இடுப்பில் ஒரு கையை வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பினார். இவரையும் சொல்லிக்கொடுத்து உட்கார்த்தி வைத்திருக்கிறார்களோ என்று பார்த்தேன்.

வைத்தியர் ஏறாவூர்ப் பெண். கொரியாவில் படித்தவர், இளம் வயது. என் கணவருக்கு ஊசிகளைக் குத்திப் படுக்க வைத்துவிட்டு வெளியே வந்தார். கேட்க வேண்டியதையெல்லாம் நான் மனதில் அடுக்கி வைத்திருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“அக்கா, உங்களக் கூட்டிட்டு வரச்சொல்லி மூணு தரம் சொன்னன்.”

“என்னட்டச் சொல்லல்லியே.”

“ஒவ்வொரு தரமும் சிரிக்கிற முகத்துக்குத்தான் வட்டம் போடுறார். தோள் அசையிறதேயில்ல. ஆஸ்பத்திரில இரத்தம் சோதிக்கச் சொல்லிக் கடிதமும் குடுத்தன்.”

நான் உடனே நம்பவில்லை. தன் வைத்தியம் பலிக்காததை மறைக்கிறாரோ என்று, கடிதத்தின் பிரதியைக் கேட்டேன். கோப்பைத் திறந்து காட்டினார். ஒரு மாதத்துக்கு முந்திய திகதி.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன்.

“ஏன் பொய் சொன்னீங்க?”

“சோதிச்சா சீனி வருத்தம் எண்டு சொல்லுவாங்க. அப்பாக்குக் கால் எடுத்தது உனக்குத் தெரியும்தானே.”

“அந்த வைத்தியர்ப் பிள்ளைக்கிட்டயாவது உண்மையச் சொல்லியிருக்கலாமே.”

“சுகமில்ல எண்டா, இனி வரவேணாம் எண்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவா எண்டு நினைச்சன். மறுகா சோதிக்காம மருந்து பாக்க எங்க போற?”

எனக்குக் கோபம் வந்த அளவுக்கு அழுகையும் வந்தது. அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த கிழமை ஆஸ்பத்திரியில் சோதித்தார்கள். இரத்தத்தில் சீனி கூடுதலாகத்தான் இருந்தது. சீனி உள்ளவர்களுக்குத் தோள் இப்படி இறுகுவது உண்டாம். விழுங்கக் குளிசை கொடுத்தார்கள், கைக்குப் பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார்கள். செங்கலடிக்குப் போவதையும் அவர் விடவில்லை. இப்போது கை காதுவரை எழும்புகிறது. எதனால் என்று என்னால் சொல்ல முடியாது.

வீட்டில் தேநீரைச் சீனி இல்லாமல்தான் குடிக்கிறார். சந்திக் கடையில் எப்படிக் குடிக்கிறார் என்பதை இன்னும் போய்ப் பார்க்கவில்லை.